புத்தகத்தில் இல்லாத பேருந்து

மாலை ஏழுக்கு பாயான் லெப்பாஸ் வாசலில்
நாற்பத்திரண்டு பேரை இறக்கிவிடுவேன்.
கடைசியாக இறங்குகிறவள் பரமேஸ், என் மனைவி.
"சில்லறை இல்ல அண்ணே" என்பாள்,
தினமும் அதே கேலி.

பிறகு ஆயர் ஈத்தாம், பதினான்காம் மாடி.
லிஃப்ட் ஓடினால் லிஃப்ட்.
காக் சுரைடா வீட்டுக் கதவைத் தட்டி
லோஷினியை வாங்கிக்கொண்டு,
மைலோ, பல் துலக்கல், ஒண்ணுக்கு,
அப்புறம் அந்தப் புத்தகம்.

இரவுச் சந்தையில் மூன்று வெள்ளிக்கு வாங்கியது.
அட்டை இல்லை, ஆகவே பெயரும் இல்லை.
பரமேஸ் கட்டளை:
பாலர் பள்ளிப் பிள்ளைக்குத் தினம் ஒரு கதை,
கைப்பேசி கூடாது.
அவளுக்கென்ன, தமிழ்ப்பள்ளியில் படித்தவள்.
நான் தேசியப் பள்ளி.
தமிழ் எனக்கு வாயில் இருக்கிறது,
கண்ணில் இல்லை.

எழுத்தெல்லாம் எனக்குப் பிழிந்து போட்ட முறுக்கு.
படத்தைப் பார்த்தேன்:
தண்ணீரில் ஏதோ ஒரு பிராணி,
பக்கத்தில் நண்டுகள், தலைகீழாய் ஒரு குடை.
தொண்டையைச் செருமிக்கொண்டு
வரிகளின் மேல் விரலை ஓட்டியபடி
வாசித்தேன்:

"ஒரு ஊர்ல ஒரு நீச்சல் பூனை.
அது கடலுக்கடியில பஸ் ஓட்டுச்சு.
ராத்திரி வேலைக்குப் போற நண்டுங்கள
ஒண்ணொண்ணா ஏத்திக்கிச்சு."

அவளுக்குப் பிடித்துவிட்டது. அதுதான் வினை.
மறுநாளும் அதே கதை வேண்டும்,
அதே சொற்களில்.
"நேத்து ஒம்பது நண்டுன்னு படிச்சீங்க."
"நொண்டி நண்டுக்கு முன் சீட்டு. மறந்துட்டீங்க."
சிவப்பு விளக்கில் நிற்கும்போதெல்லாம்
என் கதையை நானே மனப்பாடம் செய்தேன்.
கண் சொருகும் நேரத்தில் ஒரே கேள்வி:
நண்டுங்க எல்லாம் காலைல வீட்டுக்கு வந்துருமா?
வந்துரும். பூனை மறக்காது.

அப்புறம் ஒன்றாம் ஆண்டு.
வீட்டில் எழுத்துகள் நடமாடத் தொடங்கின.
அரிசி மூட்டையில் அ, மசாலைத்தூளில் ம,
அப்பளப் பாக்கெட்டில் ப.
நாள்காட்டியைப் பார்த்து வெ, ள், ளி என்று
நிறுத்தி நிறுத்திக் கூப்பிட்டாள்.
எனக்குள் மட்டும் யாரோ
பிரேக்கை மிதித்துக்கொண்டே இருந்தார்கள்.

ஒரு வியாழன் இரவு புத்தகத்தைப் பிடுங்கிக்கொண்டாள்.
என் விரல் ஓடிய அதே வரியில் அவள் விரல்.
"நீ... ர்... நா... ய்."
நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். குனிந்தாள்.
"நீர்நாய் கு... டை... யைத் தே... டி... யது."
மின்விசிறிச் சத்தம்.
கீழே யாரோ மோட்டார் சைக்கிளை முறுக்கினார்கள்.
எட்டுப் பக்கமும் விடாமல் படித்தாள்.
நானும் கூடவே தேடினேன்,
எங்காவது ஒரு நண்டாவது
சீட்டில் உட்கார்ந்திருக்காதா என்று.

"ப்பா, இதுல பஸ்ஸே இல்ல."
"ம்."
"எழுதினவங்களுக்குத் தெரியல போல."
பென்சிலை எடுத்தாள்.

காலையில் பரமேஸை ஏற்றி வந்து
பசியாற உட்கார்ந்தபோது
மேசையில் திறந்து கிடந்தது புத்தகம்.
நீர்நாய்க்குப் பின்னால் நீளமாய் ஒரு பெட்டி,
நாலு சக்கரம், சன்னல்தோறும் கொடுக்கு.
அடியில் இரண்டே எழுத்து.

பரமேஸ் வாய் திறக்கப் போனாள். பொறு என்றேன்.
மகளுக்குத் தெரியாமல் இரண்டு மாதமாய்
அரிசி மூட்டையைப் படித்தவன் நானும்.
முதலில் அப்பளப் பாக்கெட்டின் ப.
அடுத்தது ச, கீழே ஒரு வால்.
"பசு," என்றேன்.

நாற்பது வயதில் நானே படித்த முதல் சொல்.

"பஸ்ஸுடா அது," சிரித்தாள் பரமேஸ்,
விரலெல்லாம் ரொட்டி சானாய் எண்ணெய்.
"ஸ் இன்னும் சொல்லித் தரலையாம் ஸ்கூல்ல."

இருக்கட்டும்.
எழுதியதை எழுதியபடிதானே படிக்க வேண்டும்.
இன்று இரவு அந்த நொண்டி நண்டைக்
கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்லி
ஒரு பசுவையும் ஏற்றிக்கொள்ள வேண்டும்.